லென்ஸ் அப்புறம் வாங்கலாம், முதல்ல வெண்டைச் செடிக்கிட்ட போ

தம்பி, போனஸ் முழுக்கப் போட்டு மேக்ரோ லென்ஸ் வாங்கட்டுமான்னு கேட்டே. வேண்டாம்டா. சிலந்தியைப் படம் எடுக்கிற ஆசைக்குக் கடைசியா வாங்க வேண்டியதுதான் லென்ஸ். எந்தச் சிலந்தி எந்நேரம் எங்க உட்காரும், அது மேல வெளிச்சம் எப்படி விழணும், இந்த ரெண்டும் பிடிபடறதுக்கு முன்னாடி வாங்கினவங்களோட லென்ஸ் எல்லாம் பீரோல தூங்குது. அமெரிக்காவுல ஓக்லஹோமாக்காரர் தாமஸ் ஷஹான், பழைய லென்ஸைத் திருப்பி மாட்டியே தாவும் சிலந்திகளோட முகத்தை எடுத்துப் பேர் வாங்கினவர். நேஷனல் ஜியாகிரஃபிக் பத்திரிகை வரைக்கும் அந்தப் படங்கள் போச்சு.

நீயும் தாவும் சிலந்தியில இருந்தே ஆரம்பி. வெயில் படுற காம்பவுண்டுச் சுவர்ல சாம்பல் நிறத்துல தட்டையா ஒண்ணு நின்னு நின்னு நடக்குமே, அதேதான். அது வலை கட்டி இரைக்குக் காத்திருக்கிற ஜாதி இல்லை. பார்த்து, பதுங்கி, பாயும். அதனால கண்ணு அவ்வளவு கூர்மை. எட்டுக் கண்ணுல நமக்கு வேண்டியது நடுமுகத்துல இருக்கிற பெரிய ரெண்டு. அந்தக் கண்ணோட வெளிப்பக்கம் தலையோட ஒட்டி அசையாம இருக்கும். உள்ள இருக்கிற விழித்திரைதான் அங்கயும் இங்கயும் திரும்பும். அது நேரா உன்னைப் பார்க்கிறப்ப கண்ணு கன்னங்கரேல்னு தெரியும். வேற எங்கேயோ பார்த்தா பழுப்பு, இல்லை பச்சை கலந்து வெளுத்துப்போகும். கறுக்கிற நொடியில அழுத்து. அந்தப் படத்துலதான் உயிர் இருக்கும்.

கிட்ட போறப்ப மேல இருந்து குனியாதே, கீழ இருந்து மெதுவா ஏறு. உன் நிழல் அது மேல விழுந்தா போச்சு, செங்கல் இடுக்குல புகுந்துடும். முதுகையே காட்டிக்கிட்டு இருந்தா ஓரமா விரலை லேசா ஆட்டு. என்னன்னு பார்க்கத் திரும்பும். சில சமயம் லென்ஸ் மேலயே தாவும். பதறாதே, ஒரு இலையை நீட்டினா ஏறிக்கும்.

அடுத்து மொட்டை மாடித் தொட்டியில அம்மா வச்ச வெண்டைச் செடி. இலை மேல, கால் முழுக்க முள்ளு முள்ளா மயிரோட ஒண்ணு உட்கார்ந்திருக்கும். ஆங்கிலத்துல லின்க்ஸ் சிலந்தின்னு சொல்வாங்க. காலையில ஆறு ஆறரைக்குப் போ. ராத்திரிக் குளிர்ச்சி போறதுக்கு முன்னாடி எல்லாமே கொஞ்சம் மந்தமா இருக்கும், காத்தும் அடங்கி இருக்கும். பத்து மணி வெயில்ல ஓடுற சிலந்தியைத் துரத்தி வேர்வையில நனையறதுல ஒரு பிரயோஜனமும் இல்லை. எதையாவது பிடிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கிற சிலந்தி கிடைச்சா விடாதே. சாப்பாட்டை விட்டுட்டு அது லேசுல நகராது.

பூவுல தேனீ ஒண்ணு ரொம்ப நேரமா ஆடாம அசையாம தொங்குதுன்னா அதுக்கு அடியில பாரு. நண்டுச் சிலந்தி கழுத்தைக் கவ்விக்கிட்டு இருக்கும். புதுசா பழகுறவங்களுக்கு இதைவிடப் பொறுமையான மாடல் கிடைக்காது.

மாமரத்துல முசுறு கூடு கட்டியிருந்தா அங்க ஒரு வேடதாரியைத் தேடு. முசுறு மாதிரியே சிவந்த உடம்பு, ஒடுங்கின இடுப்பு. முன்னங்கால் ரெண்டையும் மீசை கணக்கா தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நடக்கும். முகத்துல பெரிய கண்ணு ரெண்டு மின்னுச்சுன்னா அது எறும்பு வேஷம் போட்ட தாவும் சிலந்தி. ஆணுக்குத் தாடை முன்னால நீண்டிருக்கும். எறும்பு இன்னொரு எறும்பைத் தூக்கிட்டுப் போறதா தோணும். முழுக்கைச் சட்டை போட்டுக்கோ. நிஜ முசுறு காலர் வழியா இறங்கிச்சுன்னா கேமராவைக் கீழே போட்டுட்டு ஆட வேண்டியதுதான்.

இப்ப வெளிச்சம். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுற இடம் இது. ஒண்ணுக்கு ஒண்ணு அளவுல, அதாவது சென்சார் மேல பூச்சி அதோட நிஜ அளவுலயே விழுற நெருக்கத்துல, எஃப்/11 வச்சாலும் தெளிவா தெரியற ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குள்ளதான். எட்டு மில்லிமீட்டர் சிலந்தியில கண்ணு ஷார்ப்பா இருந்தா வயிறு மங்கும். மங்கட்டும், கண்ணை மட்டும் பிடி. ஆழம் வேணும்னு எஃப்/22க்குப் போகாதே. இந்த நெருக்கத்துல படம் மொத்தமும் சொதசொதன்னு ஆயிடும். எஃப்/11 துவாரத்துல இயற்கை வெளிச்சம் பத்தாது, அதனால ஃபிளாஷ்தான் உன் சூரியன். கேமராவை மேனுவல்ல வை. ஐ.எஸ்.ஓ. 200, ஷட்டர் 1/160, ஃபிளாஷும் மேனுவல்ல 1/8 இல்லை 1/16. ஃபிளாஷ் வெட்டுற நேரம் ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்குக்கும் கம்மி. உன் கை நடுக்கம் படத்துல ஏறாது, டிரைபாடும் வேண்டாம்.

ஆனா வெறும் ஃபிளாஷ் அடிச்சா சிலந்தி பாலீஷ் போட்ட ஷூவாட்டம் பளபளன்னு வெளுத்துடும். டிஃப்யூசர் கட்டணும். கடைக்குப் போகாதே, டி.வி. பெட்டியில வந்த வெள்ளை ஃபோம் ஷீட், பட்டர் பேப்பர், ரெண்டு ரப்பர் பேண்ட் போதும். ஃபிளாஷ்ல இருந்து லென்ஸ் நுனி வரைக்கும் கூரையா வளைச்சுக் கட்டு. ஃபோம் ஒரு அடுக்கு, ஒரு விரல்கடை இடைவெளி விட்டு பட்டர் பேப்பர் இன்னொரு அடுக்கு. சிலந்திக்கு எவ்வளவு கிட்டயும் எவ்வளவு அகலமாவும் இருக்கோ அவ்வளவு மிருதுவா வெளிச்சம் விழும். சரியா வந்திருக்கான்னு சோதிக்க, எடுத்த படத்துல அதோட கண்ணைப் பெருசாக்கிப் பாரு. சுருக்குனு வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா இன்னும் ஒரு அடுக்கு போடு. ஓரம் மழுங்கின அகலமான வெளுப்பு தெரிஞ்சா அதுல கையை வைக்காதே. பின்னணி கரிக்கட்டையா வருதுன்னா சிலந்திக்குப் பின்னால ஒரு சாண் தூரத்துக்குள்ள பச்சை இலை ஒண்ணைப் பிடி.

ஆட்டோ ஃபோகஸை அணைச்சுடு. ஃபோகஸை ஒரு இடத்துல நிறுத்திட்டு நீ முன்னும் பின்னும் லேசா சாயணும். சிலந்தி உட்கார்ந்த காம்பை இடது கையால பிடிச்சு, லென்ஸையும் அந்தக் கை மேலயே தாங்க வை. காம்பும் கேமராவும் சேர்ந்து ஆடுறதால ஃபோகஸ் நழுவாது. வலையில உட்கார்ந்ததுக்கு இந்த வித்தை ஆகாது, வலையைத் தொடவும் கூடாது. ஒவ்வொரு நிலைக்கும் பத்துப் பதினைஞ்சு எடு, ஒண்ணு தேறும். பல படங்களை ஒட்டி முழு உடம்பையும் ஷார்ப் ஆக்குற ஸ்டாக்கிங் எல்லாம் பிறகு பார்த்துக்கலாம்.

காசு செலவழிச்சே ஆகணும்னா முதல்ல ரிவர்ஸ் ரிங் வாங்கு, சில நூறு ரூபாய்தான். உன்கிட்ட இருக்கிற 18-55ஐத் திருப்பி மாட்டலாம். 18 பக்கம் போகப் போகப் பெருசாக் காட்டும், அதனால 55ல இருந்து பழகு. திருப்பி மாட்டினா லென்ஸோட பின்பக்கக் கண்ணாடி வெளியே தெரியும். மண்ணு, ஈரம் படாம பார்த்துக்கோ. இதுல சிலந்தி நாலஞ்சு சென்டிமீட்டர் தூரத்துல வந்துடும், அதான் சங்கடம். அது பிடிக்கலைன்னா ரேனாக்ஸ் டி.சி.ஆர். 250ன்னு ஒரு க்ளோஸ்-அப் லென்ஸ் இருக்கு. 55-250 லென்ஸ் முன்னாடி கிளிப் மாதிரி மாட்டிக்கலாம். எட்டு டயாப்டர். லென்ஸை இன்ஃபினிட்டியில வச்சா பூச்சிக்கும் உனக்கும் பன்னிரண்டு சென்டிமீட்டர் இடம் இருக்கும், 250ல ரெண்டு மடங்கு பெருசா விழும். என்னைக் கேட்டா தனி மேக்ரோ லென்ஸுக்கு முன்னாடி இதுதான்.

ராத்திரி போறதா இருந்தா டார்ச்சை நெத்தியில கட்டிக்கோ. வரப்புலயும் புல்தரையிலயும் ஓநாய்ச் சிலந்தியோட கண்ணு வைரத்தூளா மின்னும். டார்ச் உன் கண்ணு மட்டத்துல இருந்தாத்தான் அது தெரியும். குஞ்சுகளை முதுகுல சுமக்கிற தாய் கிடைச்சா உன் அதிர்ஷ்டம். ஷூ இல்லாம இறங்காதே, பாம்பும் அதே புல்லுலதான்.

சிலந்தியை ஃபிரிட்ஜுல வச்சு மரத்துப்போகச் செஞ்சு படம் எடுக்கிறாங்க சிலர். நீ செய்யாதே. கால் மடங்கி, தொய்ஞ்சுபோன தோரணையிலயே அது செத்த பாதின்னு தெரிஞ்சுடும். முட்டைப் பையோட இருக்கிறதை ரெண்டு கிளிக்கோட விட்டுடு. காட்டுப் பக்கமோ தோப்புப் பக்கமோ மரப்பொந்துல பெரிய மயிரடர்ந்த சிலந்தி கண்ணுல பட்டா கை வைக்காதே, படத்தோட இடத்தையும் வெளியே சொல்லாதே, போன்ல லொகேஷனை அணைச்சுடு. ராமேஸ்வரம் பக்கம் இருக்கிற ஒரு வகைக்கு 2004லதான் பேரே வச்சாங்க, இப்ப அழியுற நிலைமையில இருக்கு. வளர்க்கறதுக்குன்னு இந்த ஜாதியைப் பிடிச்சு விக்கிறாங்கன்னுதான் 2019ல சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்லயே சேர்த்தாங்க.

அம்மா, எட்டுக்கால் பூச்சி எச்சில் பட்டா உடம்பு கொப்பளிக்கும்னு ஆரம்பிப்பாங்க. எதிர்த்துப் பேசாதே, லைட்டைத் தேடி வர்ற ஆரஞ்சும் கறுப்பும் கலந்த சின்ன வண்டைக் காட்டு. அதை உடம்புல வச்சு நசுக்கினா தோல் வெந்துபோகும். பழி சிலந்தி மேல விழுது.

பேர் வைக்கிறதுல அவசரம் காட்டாதே. 2022ல உலகச் சிலந்திப் பட்டியல் ஐம்பதாயிரத்தைத் தாண்டிடுச்சு. நிறைய வகைகளை மைக்ராஸ்கோப்ல இனப்பெருக்க உறுப்பைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். முகம், முதுகு, பக்கவாட்டு மூணும் எடுத்து வை, குடும்பப் பேர் வரைக்கும் எழுது, போதும்.

ரிங் வாங்குறப்ப லென்ஸ் மூடியோட உள்பக்கம் போட்டிருக்கிற விட்டத்தைப் பார்த்துக்கோ, 58ஆ 52ஆன்னு. படம் அனுப்புறப்ப வாட்ஸ்அப்ல டாக்குமென்ட்டா அனுப்பு. சும்மா அனுப்பினா சுருக்கிடும், கண்ணு ஷார்ப்பா இருக்கான்னு எனக்குத் தெரியாது.