வெளுத்த கறியெல்லாம் பழைய கறி இல்லடி

பன்னிக்கறி வெளுத்திருந்தா பழசான்னு போன்ல கேட்டியே, இல்லடி தங்கச்சி. விடியக்காலைல அறுத்த கறிகூட வெளுக்கும்.

முதல்ல எந்த இடத்துக் கறின்னு பாரு. முன்சப்பை நாள் பூரா உடம்பைத் தாங்கி நிக்கிற தசை. ஆக்சிஜனைப் பிடிச்சு வெக்கிற மையோகுளோபின் அதுல ஜாஸ்தி, அதனால நிறமும் கருஞ்சிவப்பு. முதுகுக்கறி எப்பவாவது பாய்ஞ்சு ஓடத்தான் வேலை செய்யும். இளஞ்சிவப்புதான் அதுக்கு நல்ல நிறம்.

சாம்பல் பூத்து வெளுத்து, விரலால அமுக்கினா தொளதொளன்னு உள்ள போய், தட்டுல வெச்ச கொஞ்ச நேரத்துலயே தண்ணி கட்டி நிக்குதா? அதைத்தான் ஒதுக்கணும். பெரும்பாலும் அறுக்கறதுக்கு முன்னாடி விரட்டி மிரட்டியிருப்பாங்க. உயிர் போன பிறகும் தசையில இருக்கிற கிளைகோஜன் லாக்டிக் அமிலமா மாறிட்டே இருக்கும். பி.ஹெச். அளவு 7-லிருந்து 5.6 பக்கம் இறங்கப் பல மணி நேரம் ஆகணும். மிரண்ட பன்னியில முக்கால் மணி நேரத்துலயே 6-க்குக் கீழ போயிடும். உடம்புச் சூடு ஆறுறதுக்குள்ள புளிப்பு ஏறினா, புரதம் கெட்டுத் தண்ணியை விட்டுடும். பன்னிக்கு நம்மள மாதிரி வேர்க்காது வேற. தர்மபுரி சித்திரை வெயில்ல வண்டியில அடைச்சுக் கொண்டாந்தா கேக்கணுமா!

பிறவியிலேயே பதற்றம் தாங்காத பன்னிகளும் உண்டு. அதுக்கான மரபணுக் கோளாறை 1991-ல கண்டுபிடிச்சாங்க. பியட்ரெய்ன் இனத்துல அது அதிகம். நம்ம பக்கம் ஓசூர் அரசுப் பண்ணை (2004 வரைக்கும் நம்ம மாவட்டந்தான்) வளர்த்தது லார்ஜ் ஒயிட் யார்க்ஷயர். அதனால இங்க நான் முதல்ல சந்தேகப்படறது வெயிலையும் விரட்டலையும்தான்.

நேர்மாறா, கரேல்னு, கையில ஒட்டுற மாதிரி இருந்தா, அது ரொம்ப நேரம் பட்டினி கிடந்தோ சண்டை போட்டோ களைச்சுப்போனது. கிளைகோஜன் தீர்ந்துட்டதால அமிலம் ஏறாது, கிருமி சீக்கிரம் பெருகும். வாங்கினா அன்னிக்கே ஆக்கிடு.

முந்தின சாயங்காலமே கொண்டாந்து நிழல்ல தண்ணி காட்டி விட்டு, விடியறதுக்குள்ள அறுக்கிற கடைக்காரரா பாத்து வெச்சுக்கோ. தெரியாம வெளுத்த கறி வந்துட்டா வறுவல் போடாதே, சுருங்கிச் சக்கையாயிடும். கொழுப்போட சேர்த்துக் குழம்பு வை.

கறிக்குள்ள அரிசி மாதிரி வெள்ளைக் கட்டி தெரிஞ்சா அது நாடாப்புழுக் கூடு. நிறம் எவ்வளவு நல்லா இருந்தாலும் அந்தக் கறி வேண்டாம்.