பழைய கணிப்பொறிகளில் மின்வழங்கியை மாற்றும் முறை

பயிற்சிக்கெனவும் காட்சிக்கெனவும் காக்கப்பட்டுவரும் பழைய மேசைக் கணிப்பொறிகளில் அடிக்கடி பழுதாகும் உறுப்புக்களுள் மின்வழங்கியும் ஒன்று. வேறொரு பெட்டியிலிருந்து ஒன்றைக் கழற்றிப் பொருத்துதல் எளிய வேலையாகத் தோன்றும். ஆயினும் செருகி பொருந்துவது வேறு. மின்னழுத்தம் பொருந்துவது வேறு. இவ்வேறுபாட்டை அறியாது செய்யும் மாற்றம், கிடைத்தற்கரிய தாய்ப்பலகையை ஒரு நொடியில் அழித்துவிடக்கூடும்.

இருவகை அமைப்புக்கள்

1984-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஏ.டி. கணிப்பொறியைப் பின்பற்றியவை ஒரு வகை; 1995-இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். அமைப்பைச் சார்ந்தவை மற்றொரு வகை. முன்னது +5, −5, +12, −12 வோல்ட்டுக்களை வழங்கும். பின்னது +3.3 வோல்ட்டையும், கணிப்பொறி நிறுத்தப்பட்டிருக்கும்போதும் நிலைத்திருக்கும் +5 வோல்ட்டையும் வழங்கும்.

ஏ.டி. வகையில் பி-8, பி-9 என்னும் ஆறுமுனைச் செருகிகள் இரண்டு அருகருகே அமையும். இவற்றை இடம் மாற்றியும் செருக இயலும். அவ்வாறு செருகின், +5 வோல்ட்டு தரையிணைப்பு முனைகளிற் பாய்ந்து பலகையைக் கெடுக்கும். இரு செருகிகளின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் ஒன்றையொன்று அடுத்திருத்தல் வேண்டும்.

பெட்டியை மாற்றுகையில் விசையையும் நோக்குக. ஏ.டி. பெட்டியின் முன்புற விசைக்கு 230 வோல்ட்டு நேரே வருகிறது. ஏ.டி.எக்ஸ். விசையோ தாய்ப்பலகைக்குக் குறிப்புக் கொடுக்கும் சிறு பொத்தானேயாகும். முன்னதன் கம்பிகளை ஏ.டி.எக்ஸ். பலகையில் ஒருபோதும் இணைத்தலாகாது.

செய்முறை

1. மின்னிணைப்பை அகற்றுக. மின்வழங்கியின் உறையைத் திறவாதீர்கள். உள்ளிருக்கும் மின்தேக்கிகள் ஏறக்குறைய 325 வோல்ட்டு வரை மின்னேற்றம் பெற்றிருக்கும்.

2. 115/230 தேர்வு விசை உண்டாயின் அது 230-இல் இருத்தல் வேண்டும்.

3. கம்பிகளின் வரிசையை இரு கருவிகளிலும் ஒப்பிடுக. 1990-களின் பிற்பகுதியில் சில கணிப்பொறிகளில், இருபதுமுனைச் செருகியின் வடிவம் ஒன்றாயிருந்தும் கம்பி வரிசை மாறியிருந்தது.

4. தாய்ப்பலகையை இணைக்குமுன், பழைய வன்தட்டு ஒன்றைச் சுமையாகப் பூட்டி இயக்குக. ஏ.டி.எக்ஸ். ஆயின் பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியோடு சேர்த்தால் இயங்கும். +5 வோல்ட்டு 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும், +12 வோல்ட்டு 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும் இருப்பின் தக்கது.

5. ஏ.டி. பலகைக்கு ஏ.டி.எக்ஸ். மின்வழங்கியை மாற்றிணைப்பான் வழியே பொருத்துங்கால், −5 வோல்ட்டு உண்டா எனக் காண்க. 2003-க்குப் பின் வந்தவற்றில் அது பெரும்பாலும் இல்லை. பழைய விரிவட்டைகள் சிலவற்றிற்கு அது தேவை.

மாணவர்க்கு இதனைக் கற்பிக்கும் ஆசிரியர், அளந்த பின்னரே இணைத்தல் என்னும் விதியை முதலில் வலியுறுத்துதல் நன்று.