கண்டவர் விண்டது

நுழையும்முன்

‘கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர்’ என்பது நம்மிடையே வழங்கும் முதுமொழி. மெய்ப்பொருளைக் கண்டவரால் அதனைச் சொல்லில் அடக்க இயலாது என்பது அதன் கருத்து. அறிவியலின் வழி இதனின்று வேறுபட்டது. அங்கே கண்டவர் விண்டாக வேண்டும். விண்டதைக் காணாதவரும் சரிபார்க்க இயல வேண்டும். அதன் பின்னரே கண்ட காட்சி அறிவு என்னும் தகுதியைப் பெறுகிறது. கடலின் அடியில் வாழும் சிறு உயிரி ஒன்று உலகிற்கு அறிமுகமான வரலாற்றின் வழியே இவ்வுண்மையை இப்பாடம் விளக்குகிறது.

இருளில் ஒரு காட்சி

2005ஆம் ஆண்டு மார்ச் மாதம். தென் பசிபிக் பெருங்கடலில், ஈஸ்டர் தீவுக்குத் தெற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ‘ஆல்வின்’ என்னும் ஆய்வு நீர்மூழ்கிக் கலம் கடலடியை நோக்கி இறங்கியது. கலத்தினுள் மூவருக்கு மட்டுமே இடம். ஏறத்தாழ 2200 மீட்டர் ஆழத்தில் கதிரவன் ஒளி சிறிதும் இல்லை. அங்கே நீரின் அழுத்தம், நாம் நிலத்தின் மேல் உணரும் காற்றழுத்தத்தைப் போல் இருநூறு மடங்குக்கும் மிகுதி.

அப்பகுதி பசிபிக்–அண்டார்டிக் கடலடி மலைத்தொடரைச் சேர்ந்தது. அங்கே பாறைப் பிளவுகளின் வழியே புவியின் வெப்பத்தால் சூடேறிய நீர் பீறிட்டு வெளிவரும். இத்தகைய இடங்களை வெப்பநீர் வாய்கள் என்பர். கலத்தின் விளக்கொளியில், பாறைகளின் மறைவிலிருந்து நீண்டிருந்த வெண்ணிறக் கைகள் சில தென்பட்டன. அவற்றின்மேல் பட்டிழை போன்ற மயிர்கள் அடர்ந்திருந்தன. பிரான்சு நாட்டுக் கடல் உயிரியலாளர் மிஷேல் செகோன்சாக் அவ்வுயிரியைக் கவனித்தார். ஒன்று பிடிக்கப்பட்டுக் கடலின் மேற்பரப்புக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 15 செ.மீ.

கண்டாயிற்று. ஆயினும் கண்டது எது? அந்த வினாவிற்கு விடை கூறுவதே அரிய பணியாக அமைந்தது.

இறாலும் அன்று, நண்டும் அன்று

அவ்வுயிரி, ‘ஸ்குவாட் லாப்ஸ்டர்’ எனப்படும் கடலுயிர்களோடு உறவுடையது. குந்தியிருக்கும் சிங்கிறால் என்பது அப்பெயரின் பொருள். பெயரில் சிங்கிறால் இருப்பினும் இவை மெய்யான சிங்கிறால்கள் அல்ல. சங்கினுள் குடியிருக்கும் துறவி நண்டுகளுக்கே இவை நெருங்கிய உறவு. வயிற்றுப் பகுதியை உடலின் கீழ் மடித்து வைத்துக்கொள்வதும், கொடுக்குகள் உடலைவிட நீண்டிருப்பதும் இவற்றின் இயல்புகள். மெய்யான நண்டுக்குக் கொடுக்குகளையும் சேர்த்து ஐந்து இணைக் கால்கள் வெளிப்படையாகத் தெரியும். இவற்றுக்கோ நான்கு இணைகளே எளிதில் புலப்படும். ஐந்தாம் இணை மிகச் சிறுத்து மறைந்திருக்கும். உலகக் கடல்களில் இவ்வகையைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன.

புதிய உயிரி ஒன்றைக் கண்டதாகக் கூற விரும்புவோர் முதலில் தமக்குத் தாமே எதிர்வழக்காட வேண்டும். ‘இஃது ஏற்கெனவே அறியப்பட்ட சிற்றினமாக இருக்கலாம் அன்றோ? இளமைப் பருவத்தாலோ, ஆண் பெண் வேறுபாட்டாலோ, வாழிடத்தாலோ தோற்றம் மாறியிருக்கலாம் அன்றோ?’ என்னும் ஐயங்களுக்கு விடை காண வேண்டும். அதற்காக முன்னோர் எழுதிய விவரிப்புகளைப் படிக்க வேண்டும். அருங்காட்சியகங்களில் காக்கப்படும் மாதிரிகளோடு உறுப்பு உறுப்பாக ஒப்பிட வேண்டும். ‘புதிது’ என்னும் ஒரு சொல்லைச் சொல்வதற்குப் பழையன அனைத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இப்பணியில் ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த என்ரிக்கே மக்பெர்சன், அமெரிக்க ஆய்வாளர் ஜோ ஜோன்ஸ், செகோன்சாக் ஆகிய மூவரும் ஈடுபட்டனர். மக்பெர்சன் இவ்வகை உயிரிகளின் வகைப்பாட்டில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். ஒப்பிட ஒப்பிட, அவ்வுயிரி அறியப்பட்ட எந்தக் குடும்பத்தினுள்ளும் அடங்கவில்லை. அதன் கண்கள் மிகவும் ஒடுங்கி, நிறமியற்ற சிறு மென்திசுக்களாக மட்டுமே எஞ்சியிருந்தன. ஐந்தாம் இணைக் கால்கள் உடலோடு சேரும் இடம் மார்புத் தகட்டின் அடியில் மறைந்திருந்தது. மரபணு ஒப்பீடும் அதன் தனித்தன்மைக்குத் துணைநின்றது. எனவே புதிய சிற்றினம் மட்டுமன்றிப் புதிய பேரினம், புதிய குடும்பம் ஆகியவற்றையும் ஒரே கட்டுரையில் நிறுவ வேண்டியதாயிற்று.

சொல்லின் பொறுப்பு

சிற்றின விவரிப்பு என்பது தனித்தன்மையுடைய உரைநடை. அதில் வியப்புக்கும் அணிக்கும் இடமில்லை. ‘பெரியது’ என்று எழுதினால், எதனைவிடப் பெரியது என்னும் வினா எழும். ஆதலால் அங்கே அளவு எழுதப்படும். ‘அழகிய கொடுக்கு’ என்பதால் பயனில்லை. கொடுக்கின் நீளம், அகலம், அதன் விளிம்பில் உள்ள முட்களின் அமைப்பு ஆகியனவே பயன் தருவன. தலையிலிருந்து வால்வரை, ஒவ்வோர் உறுப்பும் முறைப்படி விவரிக்கப்படும். அவ்விவரிப்பைப் படிக்கும் ஒருவர், உலகின் வேறொரு கடற்கரையில் நின்று, தம் கையில் உள்ள உயிரி அதுவா அன்றா எனத் தீர்மானிக்க இயல வேண்டும். அதுவே அவ்வுரைநடையின் வெற்றி.

செய்தித்தாள்கள் இவ்வுயிரியை ‘யெட்டி நண்டு’ என்று அழைத்தன. இமயமலையில் உலவுவதாகக் கதைகளில் கூறப்படும் மயிரடர்ந்த உருவத்தின் பெயரே யெட்டி. மக்கள் மனத்தில் எளிதில் பதிந்த அப்பெயர் பிழையானதன்று எனினும் போதுமானதன்று. உயிரி நண்டும் அன்று. அதன் மேலுள்ளது விலங்குகளின் மயிரும் அன்று. நம் தலைமயிர் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. இவ்வுயிரியின் இழைகளோ அதன் மேலோட்டைப் போலவே கைட்டினால் ஆன நீட்சிகள். ஆகவே ஆய்வாளர் அவற்றை ‘சீட்டா’ என்னும் கலைச்சொல்லால் குறித்தனர். ஒப்புமை அறிமுகம் செய்யும். கலைச்சொல் வரையறை செய்யும். இரண்டிற்கும் தனித்தனி இடம் உண்டு.

பெயரும் மூல மாதிரியும்

விலங்குகளுக்கு இருசொற்பெயர் இடும் முறைக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுவது, சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் எழுதிய ‘சிஸ்டெமா நேச்சுரே’ நூலின் பத்தாம் பதிப்பு. அது 1758இல் வெளிவந்தது. முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். இம்முறையில் புதிய உயிரி ‘கீவா ஹிர்சூட்டா’ என்னும் பெயரைப் பெற்றது. கீவா என்பது பாலினேசிய மக்களின் தொன்மத்தில் கடலோடு தொடர்புடைய தெய்வத்தின் பெயர். ஹிர்சூட்டா என்பது மயிரடர்ந்தது எனப் பொருள்படும் இலத்தீன் அடைமொழி. பேரினப் பெயர் பெண்பாலாகக் கொள்ளப்பட்டமையால் அடைமொழியும் பெண்பால் ஈறு பெற்றது. விலங்கியல் பெயரிடலிலும் பால் இயைபு பேணப்படுதல் மொழி பயில்வோர் கருதத்தக்கது.

பெயர் காற்றில் மிதக்கும் சொல்லாக நின்றுவிடக்கூடாது. அதனை ஓர் உண்மைப் பொருளோடு பிணைக்க வேண்டும். அதற்கென ஒரு தனி உடல் தெரிவு செய்யப்பட்டு மூல மாதிரி என அறிவிக்கப்படுகிறது. அறிவியலார் இதனை ‘ஹோலோடைப்’ என்பர். அம்மாதிரி கிடைத்த இடம், ஆழம், நாள் ஆகியன பதிவு செய்யப்படும். பிற்காலத்தில் ஐயம் எழுமாயின், எவரும் அம்மாதிரியை மீண்டும் ஆராய்ந்து பார்க்கலாம். எழுதியவரின் புகழன்று, காக்கப்படும் மாதிரியே அங்குச் சான்று. கீவா ஹிர்சூட்டாவின் விவரிப்பு 2005இல் ‘ஜூசிஸ்டெமா’ என்னும் ஆய்விதழில் வெளியாயிற்று.

கண்டதும் கருதியதும்

கீவாவின் இழைகளில் நூல் போன்ற பாக்டீரியாக்கள் செறிந்திருந்தன. அவை அவ்வுயிரிக்கு உணவாகின்றனவா? வெப்பநீரிலுள்ள நச்சுப் பொருள்களை நீக்க உதவுகின்றனவா? விவரித்தவர்கள் முடிவு கூறவில்லை. கண்டதைக் கண்டதாகவும் கருதியதைக் கருதியதாகவும் எழுதினர்.

2006இல் கோஸ்டாரிகா நாட்டுக்கு அப்பாலுள்ள கடலடியில், மீத்தேன் கசியும் இடத்தில், கீவாவின் மற்றொரு சிற்றினம் காணப்பட்டது. 2011இல் அது ‘கீவா புரவிடா’ எனப் பெயர் பெற்றது. அது தன் கைகளைச் சீரான தாளத்தில் அசைத்துக்கொண்டே இருந்தது. அவ்வசைவு இழைகளில் வளரும் பாக்டீரியாக்களுக்கு வேண்டிய வேதிப்பொருள்கள் கிடைக்க உதவுகிறது என ஆய்வாளர் விளக்கினர். பின்னர் அது சீப்புப் போன்ற வாயுறுப்பால் அவற்றை வாரி உண்கிறது. தன் உடலையே விளைநிலமாக்கிக்கொண்ட உழவர் என அதனைக் கூறலாம். முன்னவர் திறந்து வைத்த வினா, பின்னவருக்கு வழியாயிற்று.

திருத்தமும் நிகழ்ந்தது. முதற்கட்டுரை கீவாவின் குடும்பத்தைக் கலாத்தியாய்டியா என்னும் பெருங்குடும்பத்தில் வைத்தது. பின்வந்த ஆய்வுகள் அதனைக் கைரோஸ்டைலாய்டியாவுக்கு மாற்றின. இதனால் முதல் விவரிப்பு வீணாகவில்லை. அது நுணுக்கமாக எழுதப்பட்டிருந்தமையால்தான் திருத்துவதும் இயன்றது. தெளிவாகச் சொல்லப்பட்ட கூற்றையே திருத்த முடியும். மங்கலாகச் சொல்லப்பட்டதைத் திருத்தவும் இயலாது.

பெயரின்மையால் நேரும் இழப்பு

ஆழ்கடலின் சிறு உயிரிக்குப் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். வெப்பநீர் வாய்களைச் சுற்றிச் செம்பு, துத்தநாகம், பொன் முதலிய உலோகங்கள் அடங்கிய படிவுகள் உள்ளன. அவற்றை அகழ்ந்தெடுக்கும் முயற்சிகள் உலக அளவில் பேசப்பட்டு வருகின்றன. எந்த உயிர் அழியும் என்பதை முன்கூட்டி உரைக்க, அவ்வுயிரின் பெயரும் வாழிடமும் பதிவாகியிருக்க வேண்டும்.

இந்தியப் பெருங்கடலின் வெப்பநீர் வாய்களில் வாழும் செதிற்கால் நத்தை இதற்குச் சான்று. இரும்புக் கந்தகச் செதில்களைக் காலில் அணிந்த அந்நத்தை 2001இல் கண்டறியப்பட்டது. ஆயினும் அதன் முறையான விவரிப்பு 2015இல்தான் வெளிவந்தது. 2019இல், கடலடிச் சுரங்கத்தால் நேரக்கூடிய இடரைக் கருதி, அழியும் நிலையிலுள்ள உயிரிகளின் சிவப்புப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. கண்டதற்கும் விண்டதற்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் கடந்தன. விவரிக்கப்பட்டபின் நான்கே ஆண்டுகளில் அதன் துன்பம் உலக ஆவணத்தில் இடம்பெற்றது.

பெயரிடுதல் ஓர் உயிரை உடைமையாக்கிக்கொள்வதன்று. அதற்காகப் பேசும் பொறுப்பை ஏற்பதாகும். ஆழ்கடலின் இருளில் இன்னும் எத்தனையோ உயிர்கள் பெயரின்றி வாழ்கின்றன. அவற்றைக் காண்பதற்குக் கலங்கள் வேண்டும். கண்டதைப் பிழையின்றி எழுதுவதற்கு, அளந்து சொல்லும் மொழியும் அறிந்ததை மட்டுமே கூறும் நேர்மையும் வேண்டும். கலங்கள் சிலருக்கே வாய்க்கும். மொழியும் நேர்மையும் பயில்வோர் அனைவருக்கும் வாய்க்கும்.

தெரிந்து தெளிவோம்

அண்டார்டிக்காவை அடுத்த கிழக்கு ஸ்கோசியா கடலடி மலைத்தொடரில் 2010இல் கீவாவின் மற்றொரு சிற்றினம் காணப்பட்டது. 2015இல் அதற்குக் ‘கீவா டைலரி’ என்னும் பெயர் சூட்டப்பட்டது. ஆழ்கடல் உயிரியலாளர் பால் டைலரைச் சிறப்பிக்கும் பெயர் இது.

கலைச்சொல் அறிவோம்

சிற்றினம் – உயிரின வகைப்பாட்டின் அடிப்படை அலகு
பேரினம் – நெருங்கிய உறவுடைய சிற்றினங்களின் தொகுதி
மூல மாதிரி – சிற்றினப் பெயர் பிணைக்கப்பட்டுள்ள தனி உடல்
சீட்டா – கணுக்காலிகளின் மேலோட்டில் தோன்றும் இழை போன்ற நீட்சி
வெப்பநீர் வாய் – கடலடிப் பிளவின் வழியே சூடான நீர் வெளிவரும் இடம்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் காணும் சிற்றுயிர் ஒன்றை, அதன் பெயரைக் குறிப்பிடாமல் பத்துத் தொடர்களில் விவரிக்க. உங்கள் நண்பர் அவ்விவரிப்பைக் கொண்டு அதனை இனங்காண இயல்கிறதா எனக் கண்டறிக.
2. அவ்விவரிப்பில் கண்டவை எவை, கருதியவை எவை எனப் பிரித்து அட்டவணைப்படுத்துக.

மதிப்பீடு

குறுவினா
1. ‘யெட்டி நண்டு’ என்னும் பெயர் போதுமானதன்று எனக் கூறப்படுவது ஏன்?
2. மூல மாதிரியின் பயன் யாது?

சிறுவினா
1. ‘தெளிவாகச் சொல்லப்பட்ட கூற்றையே திருத்த முடியும்’ – பாடவழி நின்று விளக்குக.

நெடுவினா
1. கண்டதை விண்டுரைப்பதில் மொழி ஆற்றும் பங்கினைக் கீவா ஹிர்சூட்டா, செதிற்கால் நத்தை ஆகியவற்றின் வரலாறுகளைக் கொண்டு கட்டுரைக்க.