கண்ணாடிக்குள் இருப்பது யாருடைய கை?

சமதள ஆடி பாடத்தில் இடவல மாற்றத்தை நடத்தி முடித்ததும் நான் தவறாமல் செய்யும் செயல்பாடு ஒன்று உண்டு. ஓர் அடி உயரமுள்ள முகம் பார்க்கும் கண்ணாடி போதும். மாணவரின் நெஞ்சுக்கு நேராக, முகம் தெரியும் பக்கம் இடக்கையை நோக்கி இருக்குமாறு, மேசைமேல் அதைச் செங்குத்தாக நிறுத்துங்கள். வலக்கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கட்டும். பிம்பத்தைப் பார்த்தபடியே இரு கை விரல்களையும் ஒன்றுபோல மடக்கி விரிக்கச் சொல்லுங்கள். இடக்கையின் பிம்பம் வலக்கையாகவே தோன்றும். சிறிது நேரம் கழித்து, மறைந்துள்ள கையை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். "சார், என் கை தானா ஆடுற மாதிரி இருக்கு!" என்று யாராவது கத்துவார்கள். எல்லாருக்கும் அப்படித் தோன்றாது. யார் யாருக்குத் தோன்றியது என்று கரும்பலகையில் கணக்கெடுப்பதும் அறிவியல்தான்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், 1990களில் கை இழந்தவர்களிடம் இதே உத்தியைப் பயன்படுத்தினார். இல்லாத கையில் வலியை உணர்ந்த சிலர், பிம்பத்தைப் பார்த்ததும் அந்தக் கை அசைவதாக உணர்ந்தார்கள்.

மெய்நிகர் கண்ணாடி இதன் அடுத்த படி. தலையில் மாட்டும் கருவி வழியே கணினி காட்டும் அறையில் ஒரு கண்ணாடி இருக்கும். அதில் தெரிவது நம் முகம் அல்ல, வேறோர் உருவம். ஆனால் நாம் கையைத் தூக்கினால் அதே கணத்தில் அதுவும் தூக்கும். கொஞ்ச நேரத்தில் அது 'நான்' ஆகிவிடுகிறது.

2013இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் பெரியவர்களுக்கு நான்கு வயதுக் குழந்தையின் உருவத்தையும், அதே உயரத்துக்குச் சுருக்கிய பெரியவர் உருவத்தையும் தந்து பார்த்தார்கள். இரண்டிலுமே பொருள்கள் உண்மை அளவைவிடப் பெரிதாகத் தெரிந்தன. குழந்தை உருவில் இன்னும் பெரிதாக. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. காரணம் உயரம் மட்டுமல்ல. உருவத்தின் அசைவு இவர்கள் அசைவோடு பொருந்தாதபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

கைப்பேசி விளையாட்டில் தன் உருவம் சுடப்பட்டதற்காக என் வகுப்பு மாணவன் ஒருவன் நண்பனின் சட்டையைப் பிடித்துவிட்டான். "என்னைக் கொன்னுட்டான் சார்!" கைப்பேசித் திரைக்குத் தலைக்கருவி அளவு வலு இல்லை, ஆனாலும் கோபம் நிஜம். "உன்னையா, அந்த பொம்மையையா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "நான் நகர்த்துனா உடனே நகருதுல்ல சார், அப்ப நான்தானே? நெட் இழுத்துச்சுன்னா மட்டும் அது வேற யாரோ மாதிரி இருக்கும்."