மறுவிற்பனையும் உழைத்தவர் பங்கும்

பூதப்பாண்டிக் களத்தில் அளந்து கொடுத்த நெல் எத்தனை கை மாறினாலும், விளைவித்தவருக்குக் கிடைப்பது முதல் விலை ஒன்றே. தறியிலிருந்து இறங்கிய புடவைக்கும் இதே கதிதான். இந்நிலையை மாற்ற வந்ததாகச் சொல்லப்பட்ட 'என்.எஃப்.டி.' பற்றி நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

இது ஒருவகைக் கணினிப் பத்திரம். ஒன்றைப் போல் மற்றொன்று இராது. இன்ன பொருள் இன்னாருக்கு உரியது என்பதைப் பல கணினிகள் சேர்ந்து காக்கும் பொதுப் பேரேட்டில் இது பதிகிறது. 2021 மார்ச்சில், பீப்பிள் என்னும் அமெரிக்க ஓவியரின் கணினிச் சித்திரத்துக்குரிய இத்தகைய பத்திரத்தைக் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6 கோடியே 93 லட்சம் டாலருக்கு எடுத்தவர், சிங்கப்பூரில் வசித்த தமிழரான விக்னேஷ் சுந்தரேசன்.

விலையைவிட நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. இப்பத்திரம் மறுபடி விற்கப்படும்போதெல்லாம், நூற்றுக்கு 5 அல்லது 10 என ஒரு பங்கு படைத்தவருக்குச் சேருமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. பலர் அவ்வாறு பெற்றும் வந்தனர். ஆனால் அப்பங்கை வசூலித்துத் தந்தது பெரும்பாலும் சந்தையே. போட்டி முற்றியதும், 2023 ஆகஸ்டில் ஓபன்சீ என்னும் பெருஞ்சந்தை அக்கட்டாயத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. பங்கு கொடுப்பது விற்பவர் விருப்பமாயிற்று.

மேலும், பேரேடு எழுதியதைக் காக்குமேயன்றி, எழுதியது மெய்யா என்று சோதிக்காது. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று முதலில் பதிந்தால், அப்பொய்யே நிலைத்து நிற்கும்.

கருவி எதுவாயினும், பங்கு நிலைக்க வேண்டுமானால் சந்தையின் விதியை எழுதும் உரிமை உழைப்பவரிடம் இருத்தல் வேண்டும். சங்கத்தின் துணைவிதிகள் நமக்கு அளிப்பது அவ்வுரிமையையே. ஆகவே பொதுப்பேரவைக்குத் தவறாமல் வருவோம், கணக்கைக் கேட்டறிவோம்.