நான்குவழிச் சாலையா, போடிமெட்டு மலைப்பாதையா?

பயணப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் போடிமெட்டு பற்றியவையே இம்முறை அதிகம். அவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

கேள்வி: கொச்சியில் உறவினர் கல்யாணம். மதுரையிலிருந்து காரில் போகிறோம். மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். பழநி, பொள்ளாச்சி, பாலக்காடு என்று பெரிய ரோட்டிலேயே போய்விடலாம் என்கிறார் கணவர். போடிமெட்டு ஏறி மூணாறு வழியாகப் போக எனக்கு ஆசை. யார் சொல்வது சரி? – வாசகி, மதுரை

பதில்: போகும்போது அவர் சொல்வது சரி. வரும்போது நீங்கள் சொல்வது சரி.

தூரத்தை மட்டும் பார்த்தால் உங்கள் பக்கம்தான் ஜெயிக்கும். மதுரை, தேனி, போடி, மூணாறு, அடிமாலி வழியாகக் கொச்சி சுமார் 290 கிலோமீட்டர். பாலக்காட்டைச் சுற்றினால் அதைவிட எழுபது, எண்பது கிலோமீட்டர் கூடும். ஆனால் பாலக்காட்டு வழியில் வண்டி சீராக ஓடும். மலை குறுக்கிடும் இடத்திலும் கவலையில்லை. திருச்சூருக்கு முன்னால் குதிரானில் மலையைக் குடைந்தே சாலை போட்டுவிட்டார்கள். 2021இல் திறந்த அந்தச் சுரங்கப்பாதை ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு பாட்டின் பல்லவி முடிவதற்குள் வெளியே வந்துவிடலாம். போடிமெட்டில் அப்படி எதுவும் கிடையாது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஒவ்வொன்றாகத் திரும்பித்தான் ஏற வேண்டும். மூணாறைத் தாண்டினாலும் நேரியமங்கலம் வரை மலைப்பாதைதான். நூறு கிலோமீட்டருக்கு மேல் வளைவிலேயே போனால் மணிக்கணக்கு நம் கையில் இருக்காது.

முகூர்த்தத்துக்கு நேரம் குறித்திருக்கிறார்கள். வழியில் ஒரு லாரி பழுதாகி நின்றாலோ, பாறை உருண்டாலோ, உங்கள் ஆசைதான் வீட்டில் பல வருஷத்துக்குப் பேச்சாக இருக்கும். அதனால் போகும்போது பெரிய ரோடு.

திரும்பும்போது தாலி கட்டும் நேரம் என்று எதுவும் காத்திருக்கவில்லை. கொச்சியிலிருந்து காலையில் கிளம்பி மூணாறில் தங்குங்கள். மறுநாள் ஒன்பது மணிக்கு மேல் அங்கிருந்து புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் போடி. மூணாறு–போடிமெட்டு 42 கிலோமீட்டர் சாலையை அகலப்படுத்தி 2024 தொடக்கத்தில் திறந்துவிட்டார்கள். பெரியவர்களுக்கும் அந்தப் பகுதியில் அவ்வளவு அலைச்சல் இருக்காது. இந்தப் பாதையின் சிறந்த காட்சியும் இறங்குகிறவர்களுக்குத்தான். ஏறும்போது கண்ணாடி முழுக்க மலைச்சரிவு. இறங்கும்போது போடி, தேனி வரைக்கும் சமவெளி முழுவதும் காலடியில் விரியும்.

இன்னொன்று: நீங்கள் ஆசைப்படுவது குறுக்குச் சாலை அல்ல. அது தேசிய நெடுஞ்சாலை 85. கொச்சியில் தொடங்கி மதுரை, சிவகங்கை வழியாகத் தொண்டிக் கடற்கரை வரை போகிறது. "நெடுஞ்சாலைதானே, சீக்கிரம் போய்விடலாம்" என்று கணவர் நினைத்துவிட்டால் அதுவும் ஆபத்து.

கேள்வி: பத்து வருஷமாகக் கார் ஓட்டுகிறேன், மலையில் ஓட்டியதில்லை. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறார்கள். செய்யலாமா? – வாசகர், விருதுநகர்

பதில்: செய்யவே கூடாது. முதலில் அதில் மிச்சமும் இல்லை. இன்றைய வண்டிகளில் கியரில் வைத்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இன்ஜினுக்குப் பெட்ரோல் போவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்கக் கொஞ்சம் எரியும்.

பெரிய ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. போடிமெட்டுக்கும் போடிக்கும் உயர வித்தியாசம் சுமார் ஆயிரம் மீட்டர். ஆட்களோடு ஒன்றரை டன் இருக்கும் கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தி முழுவதும் எங்காவது வெப்பமாகப் போயாக வேண்டும். கணக்குப் போட்டால், மூன்று குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு வெப்பம் அது. நியூட்ரலில் விட்டால் காற்றுத் தடையும் டயரும் வாங்குவது போக மீதியெல்லாம் பிரேக் தலையில். கியரில் இறங்கினால் இன்ஜினே பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். பிரேக் சூடேறினால் பெடலை மிதித்தாலும் பிடிக்காது. கருகிய வாடை வந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான டிஸ்க் வளைந்துவிடும்.

ஏறிய கியரிலேயே இறங்குவது பழைய டிரைவர்களின் கணக்கு. இரண்டாவது கியரில் ஏறிய இடத்தை இரண்டாவதிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'எல்' அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடிக்காமல், அழுத்தி வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். மின்சாரக் காரில் இறங்கும்போது பேட்டரி கொஞ்சம் நிரம்பும். ஆனால் மேலேயே முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டால் அந்தச் சக்தியை வாங்க பேட்டரியில் இடம் இருக்காது.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஹாரன் கொடுங்கள். உங்கள் பக்கத்தை விட்டு நடுவுக்கு வராதீர்கள். இரண்டு வண்டிக்கு இடம் போதாத இடத்தில் இறங்குகிறவர் ஒதுங்கி நின்று ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதியிலேயே இருக்கிறது. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி எடுப்பது எவ்வளவு சிரமம் என்பதை அங்கே ஒரு முறை நின்று பார்த்தால் புரியும்.

கேள்வி: எந்த மாதம், எந்த நேரம் நல்லது? – வாசகி, கரூர்

பதில்: மாதத்தைவிட நேரம் முக்கியம். இது வேலைக்குப் போகிறவர்களின் சாலை. மேலே இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் கூலிவேலை செய்கிறவர்களில் பலர் போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்க்காரர்கள், அதிலும் பெண்கள். விடிந்தும் விடியாமலும் தூக்குவாளியோடு ஜீப் ஏறி, தோட்டத்தில் பகல் முழுக்கக் குனிந்து காய் பறித்துவிட்டு, மாலையில் அதே ஜீப்பில் இறங்குகிறார்கள். காலை ஆறிலிருந்து எட்டரை வரை ஏறுமுகத்திலும், மாலை நாலு மணிக்கு மேல் இறங்குமுகத்திலும் ஜீப் வரிசை இருக்கும். உங்களுக்கு அது தாமதம். அவர்களுக்கு அன்றைய கூலி. ஒன்பதிலிருந்து மூன்று மணிக்குள் மலையைக் கடப்பதுபோல் திட்டமிட்டால் இருவருக்கும் நிம்மதி.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை கேரளப் பக்கம் கொட்டும். போடிச் சரிவில் காற்றுதான் அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை இந்தச் சரிவில் அடித்து, பாறை உருண்டு, போக்குவரத்தை நிறுத்துவதும் உண்டு. அந்த மாதங்களில் கிளம்புமுன் போடியில் விசாரித்துவிட்டுப் போங்கள். ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும். காலையில் மட்டும் பனிமூட்டம்.

கேள்வி: ராத்திரியோடு ராத்திரியாக ஏறி விடியலில் மூணாறில் இருக்கலாமா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். மலைப்பாதையில் போவதே பார்ப்பதற்காகத்தான். இருட்டில் ஏறினால் ஹெட்லைட் விழும் முப்பது அடி ரோடு மட்டும்தான் மிச்சம். மூடுபனி வந்தால் அதுவும் இல்லை.

இன்னொரு காரணம் யானை. பூப்பாறையிலிருந்து சின்னக்கானல், ஆனையிறங்கல் அணைப் பக்கமெல்லாம் யானை நடமாடும் இடம். ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்று பேர் வாங்கிய அரிக்கொம்பன் அந்தப் பகுதி யானைதான். 2023 ஏப்ரலில் அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்தில் அது கம்பம் நகரத் தெருவுக்கே இறங்கி வந்தது. ஜூனில் தமிழக வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. அது போய்விட்டது, மற்ற யானைகள் அங்கேயேதான் இருக்கின்றன.

கேள்வி: வழியில் எங்கே நிற்கலாம்? ஏலக்காய் வாங்கலாமா? – வாசகி, சென்னை

பதில்: முதலில் ஒன்று: நீங்கள் போடி வரை ரயிலிலேயே போகலாம். அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்திய போடி ரயில், 2023 ஜூனில் மறுபடி ஓடத் தொடங்கியது. போடியில் இறங்கி வண்டி பிடித்தால், சென்னையிலிருந்து கார் ஓட்டிக் களைத்தவராக மலை ஏற வேண்டியதில்லை. வாடகை வண்டி என்றால் கேரளாவுக்குள் போகும் பர்மிட் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முந்தல் சோதனைச்சாவடியில் மலை தொடங்குகிறது. கண்ணைத் திறந்து வைத்திருந்தால் இருபது சொச்சம் கிலோமீட்டரில் மூன்று விதமான நிலம் பார்க்கலாம். அடிவாரத்தில் மாந்தோப்பும் இலவ மரங்களும். அதற்குமேல் வறண்ட புதரும் புல்லும். உச்சியை நெருங்கும்போது காற்று குளிர்ந்து காப்பியும் மிளகுக்கொடியும். எல்லையைத் தாண்டினால் பெருமர நிழலில் ஏலச்செடி. ஏலத்துக்கு நிழல், ஈரம், குளிர்ச்சி மூன்றும் வேண்டும். வெயில் நேராக விழுந்தால் இலை கருகும். நிற்பதானால் அகலமான இடத்தில் மட்டும். வளைவின் முனையில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

ஏலக்காய் தாராளமாக வாங்கலாம். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊர் போடி. கேரளப் பக்கம் புத்தடியிலும் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் அங்கே கிலோ 7,000 ரூபாய் வரை போனது. ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்த்தினால் ஒரு கிலோதான் தேறும் என்பதையும் நினைவில் வையுங்கள். யாராவது சந்தை விலையில் பாதிக்குக் கொடுத்தால் சந்தேகப்படுங்கள்.

பார்த்து வாங்குவது எளிது. ஒரு காயை உரித்துப் பாருங்கள். விதை கறுத்துப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, விரலில் எண்ணெய்ப் பசை தெரிய வேண்டும். விதை வெளுத்து உதிரி உதிரியாக வந்தால் முற்றாத காய். பச்சை கண்ணைப் பறித்தால் நனைந்த வெள்ளைத் துணியில் தேயுங்கள். நிறம் ஏறினால் சாயம். வாய் வெடித்த காய் விலை குறைவு, மணமும் சீக்கிரம் போய்விடும்.

கேள்வி: கொழுக்குமலை தமிழ்நாட்டில்தானே இருக்கிறது? போடியிலிருந்தே நேராக ஏற முடியாதா? – வாசகர், தேனி

பதில்: இடம் தேனி மாவட்டம், ரோடு கேரளா வழி. போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டி, சூரியநெல்லி போய், அங்கிருந்து ஜீப்பில்தான் ஏறத்தாழ எட்டாயிரம் அடி உயரத்துக்குப் போக முடியும். சொந்தக் காரைக் கொண்டுபோக முடியாது.

குரங்கணியிலிருந்து நடைபாதை உண்டு. 2018 மார்ச் 11 அன்று அந்தச் சரிவில் பரவிய காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். அனுமதியின்றி, வழிகாட்டியின்றி, கோடைக்காலத்தில் அங்கே கால் வைக்காதீர்கள். நடக்க விரும்பினால் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் பதிவு செய்துகொண்டு முறையாகப் போங்கள்.

அந்த மலைக்குப் பழைய கதை ஒன்றும் உண்டு. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு காலத்தில் ரயில் ஓடியது. தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வண்டியேறின. 1924ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. இன்று டாப் ஸ்டேஷனுக்கு மூணாறு வழியாகத்தான் காரில் போக முடியும்.

கேள்வி: பேத்திக்கு மலையேறினால் வாந்தி. என்ன செய்வது? – வாசகி, சிவகாசி

பதில்: வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. முந்தலுக்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். செல்போனைக் கையில் கொடுக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் வளைவில் வெடுக்கென்று திருப்பாமல் இருந்தாலே பாதி வாந்தி நிற்கும்.

கேள்வி: இங்கே நாங்கள் இன்டர்ஸ்டேட்டை விட்டுவிட்டு ப்ளூ ரிட்ஜ் பார்க்வேயில் போவதுண்டு. ஊருக்கு வரும்போது போடிமெட்டையும் அப்படியே ரசிக்கலாம்தானே? – வாசகர், நியூ ஜெர்சி

பதில்: ரசிக்கலாம், ஆனால் அப்படியே அல்ல. ப்ளூ ரிட்ஜ் பார்க்வே 1935இல் கட்டத் தொடங்கிய 755 கிலோமீட்டர் உல்லாசச் சாலை. சரக்கு லாரிக்கு அங்கே இடமில்லை. பார்ப்பதற்கென்றே போட்ட பாதை அது. சரக்கெல்லாம் இன்டர்ஸ்டேட்டில் போய்விடும். போடிமெட்டுக்கு அந்த வசதி கிடையாது. காய்கறி லாரி, அரசுப் பேருந்து, தோட்டத்து ஜீப், தேனிலவுக்குப் போகிற கார் எல்லாவற்றுக்கும் ஒரே ரோடு. இந்த மலையை நம்பிப் பிழைக்கிறவர்களைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், வருவதற்கு முன் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' படத்தைப் பாருங்கள்.

அதனால் ஒரே வேண்டுகோள். ஏற்றத்தில் உங்கள் பின்னால் ஜீப் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தால் போட்டிக்குப் போகாதீர்கள். அகலமான இடம் பார்த்து இடது பக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள். உள்ளே இருப்பவர்கள் பத்து நிமிஷம் பிந்திப் போனால் மேஸ்திரியிடம் பேச்சு வாங்குவார்கள். உங்களுக்கு அந்தப் பத்து நிமிஷமும் விடுமுறைதான்.