தேக்கு விற்ற இரு தேசங்கள்

பர்மாத் தேக்கு என்னும் பெயர் நம் அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களிலும் நிலைகளிலும் அதனை இன்றும் காணலாம். அதன் அண்டைத் தேசமாகிய தாய்லாந்தும், அதாவது பழைய சயாமும், அதே மரத்தை உலகிற்கு விற்றதேயாகும். இவ்விரண்டின் மர வியாபாரமும் பிரிந்து சென்ற வகை ஆராயத்தக்கது.

கீழ்ப் பர்மாவின் பெகு பகுதி 1852-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1856-இல் அதன் காடுகளுக்கு மேற்பார்வையாளராக வந்த டீட்ரிக் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியர், முதலில் மரங்களை எண்ணச் செய்தார். முதிர்ந்தவற்றை மட்டுமே வெட்ட விதித்தார். பிற்காலத்தில் இம்முறை மேலும் திருந்தி, காட்டை 30 பகுதிகளாக்கி ஆண்டுக்கொன்றாக வெட்டுவதும், வளமான காட்டில் 7½ அடிச் சுற்றளவை எட்டாத தேக்கைத் தொடாதிருப்பதும் விதியாயின. பச்சைத் தேக்கு நீரில் மிதவாது. ஆதலால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையும் வெளிறும் அறும்படி கொத்தி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் உலரவிடுவர். பின்னர் யானைகள் இழுத்து ஓடையில் சேர்க்க, மழை வெள்ளம் அதனைத் துறைமுகத்தை நோக்கிக் கொண்டு செல்லும். கட்டைகளின் கணக்கு அற்பமான விஷயமன்று. கணக்கைக் குறைத்துக் காட்டியதாகப் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு மன்னர் தீபாவின் அரசு விதித்த அபராதமே 1885-ஆம் ஆண்டு யுத்தத்திற்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

சயாமில் 1896-இல் வன இலாகா ஏற்பட்டபோது, பர்மாவில் பணிபுரிந்த ஹெர்பர்ட் ஸ்லேட் அதன் முதல் தலைவரானார். விதிகளும் அவருடன் எல்லை கடந்தன. எனினும் பிற்காலத்தில் சாலைகளும் புது விளைநிலங்களும் பெருகின. 1961-இல் நிலப்பரப்பில் பாதிக்கு மேலிருந்த காடு, 1980-களின் இறுதியில் கால் பங்கைச் சற்றே மிஞ்சி நின்றது. 1988 நவம்பரில் தென்பகுதியில் வெள்ளமும் மண்சரிவும் ஊர்களை அழித்தன. மலையினின்று உருண்ட கட்டைகளும் அவற்றோடு வந்தன. 1989 ஜனவரியில் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுதல் தடை செய்யப்பட்டது.

ஆயினும் வாங்குவோர் தேவை குறையவில்லை. தாய்லாந்துக் கம்பெனிகள் பர்மாவின் எல்லைக் காடுகளில் உரிமை பெற்று வெட்டின. 1993-இல்தான் அவ்வுரிமைகள் முடிவுற்றன. அந்நியச் செலாவணி வேண்டிய ராணுவ அரசு பழைய அளவைப் பொருட்படுத்தவில்லை. 2014-இல் வெட்டிய கட்டையை அப்படியே ஏற்றுமதி செய்வதற்குத் தடை வந்தது. 2016-இல் ஓராண்டு தேசமெங்கும், பெகு மலைத்தொடரில் பத்தாண்டுகள், வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 2021-ஆம் ஆண்டு ராணுவப் புரட்சிக்குப் பின் மேல்நாடுகள் அரசு மர நிறுவனத்தின்மீது தடை விதித்தன. எண்ணி வெட்டுவதற்குப் பெயர்பெற்ற தேசத்தின் கதி இது!

தாய்லாந்தில் நிகழ்ந்ததோ வேறு. அங்கு ரப்பர் பயிரிடுவோரிற் பெரும்பாலோர் சிறு நிலக்காரர். 1960-ஆம் ஆண்டுச் சட்டம் ரப்பர் ஏற்றுமதியின்மீது தீர்வை வசூலித்து, பால் குறைந்த பழைய மரங்களை வெட்டி மறுநடவு செய்வோருக்கு உதவித்தொகை வழங்கிற்று. சுமார் 25 ஆண்டில் வெட்டுண்ட அம்மரம் முன்னர் அடுப்பிற்கே பயன்பட்டது. பூஞ்சணமும் துளைப்புழுவும் அதனை விரைவிற் கெடுக்கும். வெட்டியவுடன் அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தால் உள்ளேற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பின் அது நாற்காலி, மேஜைகளுக்கு உகந்ததாயிற்று. இன்று சீனா அதனைப் பெருமளவில் வாங்குகிறது.

2019-இல் தாய்லாந்து தன் வனச் சட்டத்தைத் திருத்தியது. உரிமைப் பத்திரமுள்ள சொந்த நிலத்தில் வளர்த்த தேக்கை இலாகாவின் அனுமதிக்குக் காத்திராமலே உழவர் அங்கு வெட்டி விற்கலாம்.